தேனீச்செடிக்கு அடித்த மருந்து

இருதயசெல்வி என்று முழுப்பெயர் சொல்லி அவளைக் கூப்பிடுகிறவர் எங்கள் பங்குச் சாமியார் ஒருவர்தான். தெருவுக்கெல்லாம் அவள் செல்வியக்கா. வளவனூரை ஒட்டிய எங்கள் தெருவில் அவள் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் நடுவே இருப்பது இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் நான் "நூறு" என்பேன். ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டுக்குப் போகாத நாள் குறைவு. எனக்கு வளவனூர் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. அவளுக்கு நடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பறிப்பு என்று யார் கூப்பிட்டாலும் கூலி வேலை.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. எதற்கெடுத்தாலும் பயப்படுவாள். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். மகள் புனிதாவைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்த பிறகு அந்தப் பயம் இன்னும் பெருத்துப் போயிற்று. காரணம் இல்லாமலும் இல்லை. புனிதாவுக்கு முதலில் தரித்தது தங்கவில்லை. இரண்டாவது இப்போது ஆறாவது மாதம். இந்த முறை மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்ட நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு காணி களையெடுத்திருக்கலாம் என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள். "நீ பேசுவ, ஒனக்கு பொண்ணு இல்ல" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள்.

செடிகளிடம் மட்டும் அவளுக்குப் பயம் கிடையாது. பின்பக்கத்தில் பழைய பெயிண்ட் வாளி, ஓட்டைக் குடம், உடைந்த சிமெண்ட் தொட்டி என்று கையில் கிடைத்ததிலெல்லாம் மண்ணை நிரப்பி எதையாவது நட்டு வைத்திருப்பாள். தேனீச்செடியும் அப்படி ஒரு பெயிண்ட் வாளியில்தான் வளர்ந்தது. அது இந்த ஊர்ச் செடி இல்லை. அக்காவின் தங்கை கிளாரா குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். அங்கே தோட்டத்தில் தூர் பிரித்து நட்டபோது மீந்த வேர்க்கட்டி ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தாள். விடுதியை நடத்துகிற வெள்ளைக்கார அம்மா இதைப் பீ பாம் என்று சொல்லுவார் என்று அவள் சொன்னதும் தெருவே சிரித்தது. சோற்றில் போடுகிற இலைக்கு இப்படியும் ஒரு பெயரா என்று அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு, அன்றைக்கே தேனீச்செடி என்று பெயரை மாற்றிவிட்டாள். இங்கிலீஷிலும் அதுதான் அர்த்தம் என்று கிளாரா விளக்கிப் பார்த்தாள். எடுபடவில்லை.

இதிலேயே நெஞ்சுயரம் வளர்ந்து காற்றில் சாய்கிற ரகமும் உண்டாம். இது குட்டை ரகம். முழங்காலைத் தாண்டாது, புதராக அடர்ந்து வாளிக்குள் அடக்கமாக நிற்கும். நம் வெயில் அதற்கு ஆகாது. காலை வெயிலை மட்டும் காட்டிவிட்டு, பத்து மணிக்கு மேல் பழைய சேலையை நான்கு குச்சியில் கட்டி அக்கா அதற்குக் கூரை போட்டுவிடுவாள். தண்ணீரை வேரில் ஊற்றுவாளே தவிர இலையில் ஒரு சொட்டு படவிடமாட்டாள். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளை விட்டது. மார்கழி முடிவதற்குள் தலை வாராத பிள்ளையைப் போலச் சிலுப்பிக்கொண்டு ரோஸ் நிறத்தில் பூக்கள் வந்தன. காலை வெயில் பட்டதும் தேனீக்கள் வந்துவிடும். அந்த ரீங்காரத்தை என் வீட்டு அடுப்படியிலிருந்தே கேட்கலாம்.

இலையைக் கசக்கினால் ஓமமும் கற்பூரவல்லியும் சேர்ந்த வாசனை, கடைசியில் லேசாக ஆரஞ்சுத் தோலின் வாடை. அதை வைத்து அக்கா செய்யாத சோதனை இல்லை. ரசத்தை இறக்கும்போது கொத்துமல்லிக்குப் பதில் அதைக் கிள்ளிப் போட்டாள். மோரில் கசக்கிவிட்டாள். பூவிதழ்களைப் பிய்த்துக் கேப்பை அடையில் தூவினாள். அடை பார்க்க அழகாக இருந்தது, ருசி சுமார்தான். அதை நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஆனால் துவையல் விஷயத்தில் நான் வாயைத் திறக்க முடியாது. உளுத்தம்பருப்பும் மிளகாயும் சிவக்க வறுத்து, தேங்காயும் புளியும் சேர்த்து, இலையைச் சட்டியின் சூட்டிலேயே ஒரு புரட்டுப் புரட்டி அம்மியில் அரைப்பாள். அந்தத் துவையலுக்காக நான் ஒரு தோசை அதிகம் சாப்பிட்டிருக்கிறேன்.

புனிதாவும் அந்தத் துவையலில்தான் விழுந்தாள். ஆறு மாதமாகியும் வாந்தி நிற்கவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டல். துவையலைப் பிசைந்தால் மட்டும் நாலு வாய் உள்ளே போயிற்று, போனது வெளியே வரவில்லை. அக்காவுக்கு மாதாவே அந்தச் செடியைக் கிளாரா கையில் கொடுத்தனுப்பியதாக ஓர் எண்ணம் வந்துவிட்டது. மருமகன் அந்தோணி பிரபு காய்கறி வேன் ஓட்டுகிறவன். வளவனூர் பக்கம் லோடு ஏற்ற வருகிற நாட்களில் மெயின் ரோட்டில் நின்று டப்பாவை அவன் கையில் கொடுத்துவிடுவாள்.

தை மாதப் பனியில் செடிக்கு நோய் வந்தது. இலைமேல் மாவைத் தூவியதுபோல வெள்ளையாகப் படிந்தது. குட்டை ரகத்துக்கு இது அவ்வளவாக வராது என்று கிளாரா சொல்லியிருந்தாள். வந்துவிட்டது. அக்கா நோய் விழுந்த இலைகளைக் கிள்ளி எரித்தாள். புளித்த மோரில் தண்ணீர் விட்டு, துணியில் நனைத்து, மிச்ச இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மெல்ல மெல்லச் செடியும் தேறி வந்தது. கைக்குழந்தைக்குச் செய்வதுபோல அவள் செய்ததையெல்லாம் அவள் வீட்டுக்காரர் மாசிலாமணி அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதிகம் பேசாத மனிதர். வயல்களுக்கு மருந்து அடிப்பதுதான் அவர் வேலை. டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் போனால் ஒரு வயல் முடிந்து அடுத்த வயல் என்று போய்க்கொண்டே இருப்பார். நெல்லுக்குப் பிறகு விதைத்த உளுந்து காய் பிடிக்கிற தை, மாசியில் அவருக்கு ஓய்வே இருக்காது. அந்த மாதங்களில் அவர்கள் கொல்லைப்புறம் முழுக்க மருந்து வாடைதான். கொடியில் காயும் அவர் சட்டையிலிருந்து வரும், டேங்கிலிருந்து வரும். எங்கள் மூக்குக்கெல்லாம் அது பழகிப்போன வாடை.

அந்தச் சனிக்கிழமை காலையில் அக்கா வழக்கம்போல இலை பறித்தாள். ஈரமாக இருந்தது. பனி என்று நினைத்தாள். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, துவையல் அரைத்து, ஒரு கிண்ணத்தைச் சுவர் வழியாக எனக்கு நீட்டிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினாள். மருமகனைக் காக்க வைத்துவிடக் கூடாது என்று அதற்கும் ஒரு பயம். நான் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டு வேலையெல்லாம் முடித்தேன். கடைக்குக் கிளம்பலாம் என்று வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். அவள் செடிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

வாளியைச் சுற்றித் தரையில் தேனீக்கள் கிடந்தன. பல செத்துப் போயிருந்தன. சில மல்லாந்து விழுந்து, கால்களை உதறிக்கொண்டு, இருந்த இடத்திலேயே சுற்றின. பூவில் உட்கார்ந்திருந்த ஒன்றை அக்கா விரலால் தொட்டதும் அது உதிர்ந்து விழுந்தது. தினமும் கேட்கிற ரீங்காரம் இல்லை. நான் ஓர் இலையைப் பறித்து மோந்து பார்த்தேன். ஓம வாசனைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. எனக்கு முதலில் என் வயிறுதான் நினைவுக்கு வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, யாருக்கும் அப்படித்தான் வரும். அடுத்த நொடி புனிதாவின் வயிறு நினைவுக்கு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அது ஏற்கெனவே வெளுத்திருந்தது.

உடனே திண்டிவனத்துக்குப் போன் போடச் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். நிச்சயம் தெரியாமல் சம்பந்தி வீட்டில் எப்படிச் சொல்வது, முதலில் அவரைக் கேட்போம் என்றாள். மருமகனுக்கு மட்டும் அடித்துப் பார்த்தாள். வேன் ஓட்டும்போது அவன் எடுப்பதில்லை. அண்ணனின் போனும் அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுப் பையோடு அதை வரப்பில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கியிருப்பார். அன்று அவருக்கு வேலை முத்துசாமி என்ற நிலத்துக்காரரின் உளுந்து வயலில், அது பக்கம்தான். அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் விரல்கள் என் தோளில் அழுந்திக்கொண்டே வந்தன. வாய் மட்டும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

அண்ணன் வயலின் நடுவே டேங்கோடு நின்றிருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்ததும் மூக்கில் கட்டியிருந்த துண்டை இறக்கிவிட்டுச் சிரித்தார். செடியைப் பார்த்துவிட்டு அக்கா சந்தோஷம் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மருந்து அடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டேங்கில் மிஞ்சுவது அடிக்கிறவனுக்கு. வரப்பில் ஊற்றினால் வீண் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தரிச் செடிக்கோ முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சிக்கோ அடிப்பார்கள். இங்கே எல்லோரும் செய்வதுதான்.

"நேத்து சாயங்காலம் டேங்க்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு" என்றார். "உளுந்துக்கும் அதே சாம்பல் நோயிதான். நீ மோரு மோருன்னு தொடச்சிக்கினு கெடந்தியே, ஒனக்கு ஒரு வேல கொறையட்டும்னு அடிச்சேன். சொல்ல மறந்துட்டேன்."

"அதுலதான் புனிதாவுக்கு துவையல் அரைச்சேன்" என்றாள் அக்கா.

சத்தமே இல்லாமல் சொன்னாள். ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது. டேங்கின் வாரைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. சாம்பல் மருந்து மட்டும்தானே என்று நான் கேட்டேன். புழு விழுந்திருந்ததால் அதற்கும் சேர்த்து முத்துசாமி கலந்து கொடுத்தாராம். என்ன மருந்து என்றால் தெரியாது. "அவரு ஊத்தினாரு, நான் அடிச்சேன்" என்றார். பாட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். காலியானதும் மோட்டார் கொட்டகைப் பக்கம் எறிந்ததாக ஞாபகம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை.

அங்கேயே வரப்பில் நின்று புனிதாவுக்குப் போன் போட்டாள் அக்கா. எடுத்தது மாமியார் சவுரியம்மாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"சாப்ட்டுக்கினு இருக்கா சம்பந்தியம்மா. பிரபு இப்பதான் டப்பாவ குடுத்துட்டுப் போனான். உங்க துவையல் வந்தாத்தான் அவளுக்கு சோறு எறங்குது. இன்னா விஷயம்?"

அக்கா ஒரு கையால் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, நம்ப மாட்டீர்கள், "சும்மாதான் கூப்ட்டேன்" என்றாள்.

போனை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். பக்கத்து வீட்டு இளவரசி பேசுகிறேன் என்றேன். "தட்ட வாங்கி வைங்க. இன்னொரு வாய் வேணாம். அந்த எலையில பூச்சி மருந்து பட்டிருக்கு. இப்பவே அவள முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வாங்க, ஜல்தி." அந்தப் பக்கம் பாத்திரம் கீழே விழுகிற ஓசை கேட்டது. போன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

பாட்டிலைத் தேடி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பினோம். விழுப்புரத்தைத் தாண்டி முண்டியம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் எனக்கு இரண்டு முறை தலை சுற்றுவதுபோல இருந்தது. மருந்தா பயமா என்று தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு எச்சிலை விழுங்கிப் பார்ப்பேன், நாக்கு மரத்திருக்கிறதா என்று கடித்துப் பார்ப்பேன், மறுபடி ஓட்டுவேன். பின்னால் அக்கா ஜெபத்தை நிறுத்திவிட்டிருந்தாள். தன் கையாலேயே அரைத்தேனே, அலசினேனே, நல்லா அலசினேனா, ஒரு தரம்தானே அலசினேன் என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். போன தடவை புனிதாவுக்கு வயிற்று வலி எப்படி ஆரம்பித்தது என்பதையும் சொன்னாள். இடுப்பில் லேசாக ஒரு பிடிப்பு, அவ்வளவுதானாம். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தோணி பிரபுவின் வேன் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. பின்னால் தக்காளிப் பெட்டிகள் இறக்காமல் அப்படியே இருந்தன. சவுரியம்மாள் விடாமல் அடித்ததில் போனை எடுத்து, பாதி வழியிலிருந்து திரும்பிப்போய் அவளை ஏற்றி வந்திருக்கிறான். உள்ளே புனிதாவைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். "வவுறு அசையவே மாட்டேங்குதும்மா" என்றாள். அக்கா அவள் பக்கத்தில் போகவே பயந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டூட்டியில் இருந்தது வயது குறைந்த ஒரு பெண் டாக்டர். எவ்வளவு சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள், இலையைக் கழுவினீர்களா, வேக வைத்தீர்களா என்று வேகமாகக் கேட்டார். புனிதாவின் கண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். நானும் சாப்பிட்டேன் என்றதும் என் கண்ணையும் பார்த்தார். எந்த மருந்து என்று தெரிந்தால் நல்லது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பாட்டில் வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். சவுரியம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு பெஞ்சின் ஒரு கோடியில் இருந்தார். நல்ல மனுஷிதான், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மருந்துன்னு தெரிஞ்சப்பறமும் எங்கிட்ட சும்மாதான்னு சொன்னியே" என்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெஞ்சில் உட்காருகிற தைரியம் அவளுக்கு இல்லை. நர்ஸ்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. யாராவது வந்து ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், அத்தோடு தன் வாழ்க்கை முடிந்தது என்பதுபோல அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேலிப் பேச்சு எதுவும் என் வாயில் வரவில்லை.

நீண்ட நேரம் கழித்து டாக்டர் வந்தார். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, தாய்க்கும் இதுவரை விஷத்தின் அறிகுறி எதுவும் இல்லை என்றார். கழுவியதிலும் சட்டியில் புரட்டியதிலும் கொஞ்சம் போயிருக்கும், சாப்பிட்டதும் சில வாய்தான். ஆனாலும் நாளை வரைக்கும் இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும். பிரசவம் முடிகிறவரை இந்த மாதிரி வாசனை இலை எதையும் யாரையும் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்றும் சற்றுக் கோபமாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டர் பேசி முடித்த பிறகும் அந்தத் தலை ஆடிக்கொண்டிருந்தது. சவுரியம்மாள் ஜெபமாலையை முத்தமிட்டுவிட்டு எழுந்து வந்து அவளைப் பிடித்துத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தார்.

அப்போதுதான் மாசிலாமணி அண்ணன் வந்தார். யாரோ ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். கையில் மஞ்சள் பை, அதற்குள் மண் அப்பிய இரண்டு பாட்டில்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேர்வையில் முகம் வடிந்துகொண்டிருந்தது. ஓடி வந்ததால் என்று நினைத்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை, நேராக டாக்டரிடம் போய்ப் பாட்டில்களை நீட்டினார். "எம் பொண்ணுங்க" என்றார். நாக்குக் குழறியது.

டாக்டர் ஒரு பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். பிறகு பாட்டிலை விட்டுவிட்டு அவரையே பார்த்தார். சன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு வரச் சொல்லி அவர் கண் இமையைத் தூக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். கருவிழிக்குள் இருக்கிற மணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. தோள் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. இன்று எவ்வளவு நேரம் அடித்தீர்கள், டேங்க் ஒழுகுமா, கையுறை போடுவீர்களா என்று டாக்டர் கேட்டார். துண்டு கட்டியிருந்தேன் என்றார் அண்ணன். அதற்குள் வாயோரம் எச்சில் வழிந்தது.

"இவருக்கு உடனே ஸ்ட்ரெச்சர் கொண்டு வாங்க" என்று டாக்டர் குரல் கொடுத்தார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பேஷண்ட் உள்ளே இருக்கிறாள் என்று அந்தோணி பிரபு சொல்லப் போனான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அண்ணனின் முழங்கால் மடிந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். சோப்புத் தண்ணீரால் உடம்பு முழுக்கத் துடைத்தார்கள். அவர் முதுகில் டேங்க் படுகிற இடத்தில் தோல் வெந்து கருத்திருந்தது. அக்கா அதை எத்தனை முறை பார்த்திருப்பாள், அது டேங்க் வார் உரசிய தழும்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒரு ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்னொன்று போட்டார்கள். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே அக்காவைக் கேட்டார்.

"மருந்து அடிக்கிற அன்னைக்கெல்லாம் இவருக்கு வாந்தி, தலை சுத்தல், நடை தள்ளாடுறது இதெல்லாம் இருக்குமாம்மா?"

அக்கா சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கெல்லாம் குடிச்சிட்டு வருவாருங்க" என்றாள்.

எனக்கும் அது தெரிந்த விஷயம்தான். தெருவுக்கே தெரியும். மருந்து அடிக்கிறவர்களுக்கு நிலத்துக்காரர்கள் குவார்ட்டர் வாங்கிக் கொடுப்பது ஊரறிந்த சங்கதி. அந்த நாட்களில் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். கொல்லைப்புறத்தில் வாந்தி எடுப்பது எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகு அக்காவின் ஏச்சு கேட்கும். இல்லை இல்லை என்று அவர் ஏதோ முனகுவார். எந்தக் குடிகாரன்தான் குடித்தேன் என்று ஒப்புக்கொண்டான் என்று நான் என் அடுப்படியில் நின்றபடி நினைத்துக்கொள்வேன்.

"இது குடி இல்லம்மா" என்றார் டாக்டர். "மருந்து தோல் வழியா உள்ள போய்க்கிட்டே இருந்திருக்கு. ரொம்ப நாளா."

அண்ணன் கண்ணைத் திறந்தார். முதலில் புனிதாவைக் கேட்டார். ஒன்றுமில்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்று பிரபு சொன்னான். அதற்குப் பிறகு அவர் அக்காவைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"நான் குடிக்கலன்னு எத்தினி வாட்டி சொன்னேன் செல்வி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதும் கண் மறுபடி மூடிக்கொண்டது.

இவர் பிழைத்துவிடுவாரா என்று அக்கா டாக்டரைக் கேட்டாள். இன்றைக்குத் தாண்டட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர். அடுத்த அறையிலிருந்து புனிதா அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள். சவுரியம்மாள்தான் எழுந்து போனார். அக்கா திரும்பவே இல்லை. அவள் என் கையைப் பிடித்தாள். காலையில் வண்டியில் என் தோளைப் பிடித்ததைவிட இறுக்கமாகப் பிடித்தாள்.

"வாந்தி எடுக்குற அன்னிக்கெல்லாம் கதவ சாத்திடுவேன் இளவரசி. பனியில வெளியதான் கெடப்பாரு. காலையில நான் கதவத் தொறக்கறப்ப செத்துக் கெடந்திருந்தா?"

நர்ஸ் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த ஊசியைப் போட்டாள்.